வீட்டுக்குள் மர வேலைக்குச் சத்தம் குறைந்த கம்ப்ரசர்: எப்படிப் பார்த்து வாங்குவது?

வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் வார்ட்ரோப் வேலை. புதிதாக வாங்கிய கம்ப்ரசரை, அதாவது ஆணி அடிக்கும் கன்னுக்குக் காற்றை அமுக்கி டாங்கில் சேர்த்துத் தரும் மெஷினை, பிளக்கில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டாங்க் நிரம்பி அது நிற்பதற்குள் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். கீழ்வீட்டு அம்மா தூக்கம் கலைந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "தம்பி, உள்ள மாவு மில்லு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்த மெஷின் வந்த பெட்டி இன்னும் ஹாலில்தான் கிடந்தது. அதன் மேல் பெரிய எழுத்தில் 'லோ நாய்ஸ்' என்று போட்டிருந்தது.

பெட்டியைப் படித்துவிட்டு மெஷினைப் படிக்காமல் வாங்கியது என் தப்புதான். அதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். அப்புறம் கூட வேலை செய்கிறவர்களுக்காகவும் பல கடை ஏறி இறங்கியாயிற்று. இன்டீரியர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், சொந்த வீட்டில் தாங்களே மர வேலை செய்து பார்க்கிறவர்களும் அதே காசை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்ப்ரசர் எவ்வளவு தொந்தரவு என்பதை டெசிபல் எண் மட்டும் முடிவு செய்யாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிஷம் ஓடுகிறது, எங்கே உட்கார்ந்து ஓடுகிறது, இந்த இரண்டும் அதே அளவுக்கு முக்கியம். கடைக்காரர் முதல் விஷயத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார். மற்ற இரண்டையும் நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் உங்கள் வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

கம்ப்ரசரைப் பார்க்கும் முன் ஒரு தாளில், காற்றை வைத்து என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். வீட்டுக்குள் நடக்கும் தச்சு வேலையில் பெரும்பாலும் இவ்வளவுதான் வரும்: வார்ட்ரோபுக்குப் பின்பக்கப் பிளைவுட் அடிப்பது, பீடிங் (விளிம்பை மூடும் மெல்லிய மரப்பட்டை) ஓட்டுவது, ஃபெவிகால் காயும்வரை பிடித்துக்கொள்ள நாலு பின் வைப்பது, கதவு நிலைக்கு ஓரச்சட்டம் அடிப்பது, சோபா வேலை இருந்தால் ஸ்டேப்ளர். எல்லாமே நெயில் கன் வேலை. எஃப்30 என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த 18 கேஜ் 30 மி.மீ. பிராட் ஆணியும், அதைவிட மெல்லிய 23 கேஜ் தலையில்லாத பின்னும்தான் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

இந்தக் கன்கள் கேட்பது அழுத்தம், காற்றின் அளவு அல்ல. பிராட் நெயிலர் 60 முதல் 100 பிஎஸ்ஐ வரை கேட்கும். பார் என்கிற இன்னோர் அழுத்த அளவில் சொன்னால் 4 முதல் 7. ஆனால் ஒரு ஆணிக்கு அது விழுங்கும் காற்று, அமுக்காத வெளிக்காற்றுக் கணக்கில், சுமார் ஒரு லிட்டர்தான். பல கன்களில் அதற்கும் குறைவு.

பாலிஷ், பியூ (பாலியூரிதேன்) பூச்சு, டியூகோ பெயிண்ட் என்று ஸ்ப்ரே வேலையும் அந்தத் தாளில் இருந்தால் கதை வேறு. ஸ்ப்ரே கன்கள் நிமிஷத்துக்கு 200 லிட்டருக்கு மேல் சாதாரணமாக இழுக்கும். காற்றில் ஓடும் சாண்டர் அதைவிட மோசம். கையில் தூக்கிப்போகிற சத்தமில்லாத கம்ப்ரசர் எதுவும் அதற்கு ஈடுகொடுக்காது. 'எல்லாத்துக்கும் ஒண்ணு' என்று தேடுகிறவர்கள் கடைசியில் ஆணிக்கு அதிக சத்தமாகவும் ஸ்ப்ரேக்குப் பலமில்லாமலும் ஒன்றை வாங்கி வந்து நிற்கிறார்கள். ஆணிக்கு ஒன்று வாங்குங்கள். ஸ்ப்ரே வந்தால் பெரிய மெஷினை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து வெளியில் வைத்து அடியுங்கள்.

மாதத்தில் பத்துப் பீடிங் மட்டும் அடிப்பவருக்குக் கம்ப்ரசரே வேண்டாம். சுத்தியலும் ஆணித்தலையை உள்ளிறக்கும் பஞ்சும் போதும், அல்லது பேட்டரியில் ஓடும் நெயிலர் பார்க்கலாம். பேட்டரி கன் விலை கூடுதல், கையில் கனமும் கூடுதல். ஆனால் இழுத்துத் திரிய ஹோஸ் கிடையாது, ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே நாள் பூராவும் சத்தம் கிடையாது.

பெயரை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

கம்ப்ரசர் மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். வாட்ஸ், வோல்ட், ஆம்ப்ஸ் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது ஆர்பிஎம். மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்கிற எண்.

நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் பெரும்பாலும் இரண்டு வேகத்தில் ஒன்றில்தான் ஓடும். இரண்டு போல் (காந்த முனை) மோட்டார் என்றால் 2,800-க்குப் பக்கம். நான்கு போல் என்றால் 1,400-க்குப் பக்கம். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகப் பிஸ்டனை ஓட்டும் டைரக்ட் டிரைவ் மெஷினில் மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் ஒரு தடவை இடிக்கும். 2,800-ல் ஓடுகிற மெஷின் 1,400-ல் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு இடிக்கிறது, அதுவும் காதைக் குடையும் மேல் ஸ்தாயியில். இன்னொரு வகை, கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். மிக்ஸியில் இருக்கும் ரகம் அது, இன்னும் வேகம். சத்தமும் மிக்ஸியை ஞாபகப்படுத்தும். நான் முதலில் வாங்கியது 2,800 ரகம். தகட்டில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. நான்தான் குனிந்து பார்க்கவில்லை.

நீங்கள் தேடுவது 1,400 ஆர்பிஎம், ஆயில் ஃப்ரீ, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிஸ்டன் வைத்த மோட்டார். பல் டாக்டர் கிளினிக்கில் உள்ளறையில் ஒரு கம்ப்ரசர் மெதுவாக 'குடுகுடு' என்று ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே ஜாதிதான். எதிரெதிரே இருக்கும் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றின் ஆட்டத்தை ஒன்று ஈடுகட்டுவதால் அதிர்வும் குறையும். டெஃப்லான் கலந்த வளையம் பிஸ்டனில் இருப்பதால் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. கடையில் 550 வாட்ஸ், 750 வாட்ஸ் என்று இரண்டு அளவில் அதிகம் கிடைக்கும். முக்கால் எச்பி, ஒரு எச்பி என்று சொல்வார்கள்.

ஆயில் ஊற்றும் பெல்ட் மெஷின் கெட்டதா? இல்லை. வொர்க்‌ஷாப்பில் ஓரமாக வைத்து ஓட்ட அதுதான் சரி, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் நம் மெஷின் ஆட்டோவில் படுத்துக்கொண்டு போகும், படியில் சாய்ந்துகொண்டு ஏறும். சாய்ந்தால் எண்ணெய் கசியும். காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் வந்து, பாலிஷ் ஏற்ற வேண்டிய தேக்குப் பலகையில் புள்ளி வைத்துவிட்டால் அந்தக் கறை லேசில் போகாது. வீடு வீடாகப் போகிறவருக்கு ஆயில் ஃப்ரீதான்.

நடுவில் ஒரு விஷயம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை எடுத்து டாங்கில் மாட்டி 'சத்தமே வராது' என்று செய்து காட்டுவார்கள். சத்தம் குறைவு என்பது உண்மைதான், அந்த வகையில் முறையாகத் தயாரிக்கும் மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் காற்று மிக மெதுவாகத்தான் வரும், சாய்க்கவும் கூடாது. எங்கிருந்தோ வந்த கேஸ் சிலிண்டரை டாங்காக வைத்து, சேஃப்டி வால்வு இல்லாமல் செய்கிற வேலையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

டெசிபல் எண்ணைப் படிக்கும் விதம்

பெட்டியில் '60 டெசிபல்' என்று இருந்தால், எவ்வளவு தூரத்தில் என்று கேளுங்கள். தூரம் சொல்லாத டெசிபல், ஊர் பெயர் இல்லாத விலாசம் மாதிரி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அதாவது ஒரு மீட்டரில் 72 காட்டும் மெஷின் நாலு மீட்டரில் 60 காட்டும். எந்த எண்ணை அச்சடிப்பது என்பது கம்பெனி இஷ்டம். ஐரோப்பாவுக்குப் போகும் மெஷின்களில் எல்டபிள்யூஏ என்ற எழுத்துகளோடு ஒரு எண் இருக்கும். அது மெஷின் வெளியே விடும் மொத்த ஒலி ஆற்றல். திறந்த இடத்தில், தரையில் வைத்த மெஷினிலிருந்து ஒரு மீட்டரில் காதுக்கு வருவது அதைவிட 8 டெசிபல் போலக் குறைவு. அதனால் 'இதில் 78 போட்டிருக்கிறது, அதில் 72 போட்டிருக்கிறது' என்று இரண்டு வகை எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டால் நல்ல மெஷினைத் தள்ளிவிடுவீர்கள்.

10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகப் படும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 அளவில் இருக்கும். ஒரு மீட்டரில் 60 முதல் 65-க்குள் இருக்கும் மெஷின் பக்கத்தில் நின்று கொஞ்சம் குரல் உயர்த்தினால் பேசிவிடலாம். 75-ஐத் தாண்டினால் கத்த வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குச் சொல்லும் அளவு பகலில் 55, இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. எந்தக் கம்ப்ரசரும் அறைக்குள் அந்த அளவுக்கு இறங்காது. சுவரும் கதவும் தூரமும்தான் மிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

கடையில் போன் ஆப் வைத்து அளக்கலாமா? அளக்கலாம், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரே போன், ஒரே தூரம், ஒரே இடம், இரண்டு மெஷின்: இந்த நிலையில் எது எத்தனை குறைவு என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

டாங்கும் காற்றும்: ஒரு சின்னக் கணக்கு

பெரிய டாங்க் வாங்கினால் மெஷின் குறைவாக ஓடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு ஆணிக்கும் போன காற்றை மோட்டார் திரும்ப நிரப்பித்தான் ஆக வேண்டும், டாங்க் எந்த அளவாக இருந்தாலும். நாள் முழுக்க மொத்தம் எத்தனை நிமிஷம் ஓடும் என்பது மோட்டார் எவ்வளவு வேகமாகக் காற்றைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. பெரிய டாங்க் சத்தத்தைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாகக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய வசதி. எப்போது சத்தம் வரலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

24 லிட்டர் டாங்கை எடுத்துக்கொள்வோம். மெஷின் 8 பாரில் தானாக நிற்கிறது, 5.5 பாருக்கு இறங்கினால் திரும்ப ஓடுகிறது. நடுவே 2.5 பார். 24-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 60 லிட்டர் காற்று. ஆணிக்கு ஒரு லிட்டர் என்றால் 60 ஆணி. நிமிஷத்துக்கு ஆறு ஆணி அடிக்கிற வேகத்தில் பத்து நிமிஷம் மெஷின் வாய் திறக்காது. அப்புறம் ஒரு நிமிஷம் போல ஓடி நின்றுவிடும். அதே வேலையை 9 லிட்டர் டாங்கில் செய்தால் 22 ஆணிக்கு ஒரு தடவை கிளம்பும். ஒவ்வொரு தடவையும் ஓடும் நேரம் குறைவுதான், ஆனால் நாலு நிமிஷத்துக்கு ஒரு முறை திடுக்கென்று ஆரம்பிப்பது அடுத்த அறையில் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடத் தொந்தரவு.

மதியம் குழந்தை தூங்கும் வீடு என்றால் நான் செய்வது இது. ஒரு மணிக்கு டாங்கை முழுசாக நிரப்பி ஸ்விட்சை அணைத்துவிடுவேன். 8 பாரிலிருந்து 5 பார் வரை 72 ஆணி கையில் இருக்கிறது. பின்பக்கப் பிளைவுட் ஒன்றை அடித்து முடிக்க அது தாராளம். நிரப்பி வைத்த டாங்க் ஒரு சொட்டுச் சத்தம் போடாது.

டெசிபலையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 60 டெசிபல் மெஷின், ஆனால் காற்று குறைவாக வருவதால் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று 68 டெசிபல், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் ஓடுகிறது. நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் முதலாவது 57, இரண்டாவது 56. ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரத்தில் முதலாவதுதான் ஜெயிக்கும்.

அளவு? வீடு வீடாகத் தூக்கிப்போகிற தனி ஆளுக்கு 24 லிட்டர் டாங்க், 550 அல்லது 750 வாட்ஸ். பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும், லிஃப்ட் இல்லாத வீட்டில் மூச்சு வாங்கும். இரண்டு கன் ஒரே நேரத்தில் ஓடினால் 750 பக்கம் போங்கள். 50 லிட்டர் எல்லாம் சக்கரத்தில் உருட்ட நல்லா இருக்கும், படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அலுமினிய டாங்க் கிடைத்தால் எடை குறைவு, துருவும் பிடிக்காது, விலைதான் இடிக்கும்.

கடையில் இருபது நிமிஷம்

ஆன்லைனில் வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் முதல் மெஷினைக் கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கோயம்புத்தூர் மாதிரி கம்ப்ரசரும் பம்பும் செய்கிற ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

முதலில் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து டாங்கைக் காலி செய்து மூடச் சொல்லுங்கள். ஓட விடுங்கள். முள் 4 பாரைத் தொடும்போது போனில் ஸ்டாப் வாட்சைத் தட்டுங்கள், 8-ஐத் தொடும்போது நிறுத்துங்கள். டாங்க் லிட்டரை 4-ஆல் பெருக்கி, ஆன நிமிஷத்தால் வகுங்கள். 24 லிட்டர் டாங்க் ஒன்றரை நிமிஷம் எடுத்தால், 96-ஐ 1.5-ஆல் வகுக்க நிமிஷத்துக்கு 64 லிட்டர். அதுதான் மெஷின் உண்மையில் தரும் காற்று. பெட்டியில் 120 லிட்டர் என்று இருக்கலாம். அது பொய் என்று சண்டை போட வேண்டாம். பிஸ்டன் அசையும் இடத்தின் அளவை வைத்துச் சொல்கிற எண் அது, அழுத்தமே இல்லாத நேரத்துக் கணக்கு. 7 பாரில் அதில் பாதிக்கு மேல் கொஞ்சம் வந்தாலே நல்ல மெஷின். சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில் சொன்னால், ஒரு சிஎஃப்எம் சுமார் 28 லிட்டர்.

நிற்கும்போது காது கொடுங்கள். 'ஸ்ஸ்' என்று ஒரு நொடி காற்று வெளியேறி அடங்க வேண்டும். குழாயில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றும் சத்தம் அது, அப்போதுதான் மோட்டார் அடுத்த தடவை சுமையில்லாமல் கிளம்பும். அந்த 'ஸ்ஸ்' நிற்காமல் தொடர்ந்தால் டாங்க் காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு சரியில்லை, வேறு பீஸ் கேளுங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் டீ குடித்து வாருங்கள். முள் அதே இடத்தில் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நிரப்பி வைத்துவிட்டு அமைதியாக வேலை செய்கிற நம் திட்டத்துக்கு ஒழுகும் மெஷின் உதவாது. யாரும் ஆணி அடிக்காமலே தானாக ஓடி ஊரை எழுப்பும்.

அடுத்து காற்றை மெதுவாகத் திறந்துவிட்டு அது தானாகத் திரும்பக் கிளம்புகிறதா என்று பாருங்கள். காலி டாங்கில் கிளம்புவது பெரிய விஷயமில்லை, பாதி அழுத்தத்தை வைத்துக்கொண்டு தயங்காமல் கிளம்ப வேண்டும். ஓடும்போது கைப்பிடியில் கை வையுங்கள், கடகடவென்று ஆடும் மூடி, தளர்ந்த ஸ்க்ரூ இருந்தால் கையில் தெரியும். கடைசியில் நீங்களே அதைத் தூக்கிப் பத்தடி நடந்து பாருங்கள். கடைப் பையன் தூக்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவனுக்குப் பழக்கம்.

பில் போடும் முன் பிஸ்டன் வளையம், மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிடர், அழுத்தம் பார்த்து ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆயில் ஃப்ரீ மெஷினில் தேயப்போவது அந்த வளையம்தான்.

கரண்ட்: ஹோஸை நீட்டுங்கள், வயரை அல்ல

750 வாட்ஸ் மெஷின் ஓடும்போது நாலைந்து ஆம்ப்ஸ்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கட்டி முடிக்காத வீட்டில் டெம்பரரி லைன், அதில் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன், அதுவும் ஒரு ஸ்கொயர் எம்எம் மெல்லிய வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 60 மீட்டர் செம்பு, ஒரு ஓமுக்குச் சற்று மேல் தடை. 25 ஆம்ப்ஸ் இழுக்கும் அந்த நொடியில் வயரிலேயே 27 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே 200 வோல்ட்தான் வருகிற லைன் என்றால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகி நிற்கும், கிளம்பாது. இரண்டு நாள் அப்படி முனகினால் கெப்பாசிடர் போகும், அப்புறம் வைண்டிங்.

சுவர் பிளக்குக்குப் பக்கத்திலேயே, முடிந்தால் 15 ஆம்ப்ஸ் பாயிண்டில், கம்ப்ரசரை வையுங்கள். தூரத்துக்குக் காற்று ஹோஸை நீட்டுங்கள். ஆணி அடிக்க 8 மி.மீ. பியூ ஹோஸ் 15 மீட்டர் போதும். மெஷினும் தூரம் போகும், சத்தமும் தூரம் போகும், ஒரே செலவில் இரண்டு லாபம். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியாது என்றால் 2.5 ஸ்கொயர் வயரில் செய்துகொள்ளுங்கள், சுருட்டி வைக்காமல் முழுசாக விரித்துப் போடுங்கள். தண்ணீருக்குப் போடும் பிவிசி பைப்பைக் காற்றுக்கு மாட்டாதீர்கள். அழுத்தத்தில் அது விரியாது, சில்லு சில்லாகத் தெறிக்கும்.

எங்கே வைப்பது

இரண்டாவது கம்ப்ரசர் நல்ல 1,400 ஆர்பிஎம் மெஷின். அதையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் திட்டு வாங்கினேன். புத்திசாலித்தனமாகப் பாத்ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கதவுக்கு அடியில் ஹோஸை விட்டு ஹாலில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹாலில் சத்தமே இல்லை. அரை மணி நேரத்தில் அசோசியேஷன் செக்ரட்டரி வந்துவிட்டார். பாத்ரூம் வென்டிலேட்டர் திறப்பது டக்டில். அந்த டக்ட் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒரே புகைபோக்கி மாதிரி. ஐந்து மாடியிலும் எல்லார் பாத்ரூமிலும் என் கம்ப்ரசர் ஓடியிருக்கிறது. அது போக, ஈரத் தரையில் மோட்டார் வைப்பதே ஆபத்து.

இப்போது நான் பார்ப்பது யுட்டிலிட்டி அல்லது யாரும் இல்லாத படுக்கையறை. திரையும் மெத்தையும் இருக்கும் அறை சத்தத்தைக் குடிக்கும், வெறும் டைல்ஸ் அறை திருப்பி அடிக்கும். மூலையில் வைக்கக் கூடாது, இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து சத்தத்தைக் கூட்டிவிடும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், காற்றோட்டமும் கிடைக்கும். அடியில் தடித்த ரப்பர் மேட் இரண்டு மடிப்பு. கீழ்வீட்டுக்குப் போவதில் பாதி, காற்றில் வரும் சத்தம் அல்ல, தரை வழியாக இறங்கும் அதிர்வு. பிளைவுட் ஷீட் மேல் மட்டும் வைக்காதீர்கள், அது தவில் மாதிரி. புதிதாகச் செய்த வார்ட்ரோபுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற யோசனை எல்லாருக்கும் ஒரு நாள் வரும். காற்று இல்லாமல் மோட்டார் சூடேறி ஓவர்லோடு ட்ரிப் ஆகும். இந்த ரக மெஷின்கள் பாதி நேரம் ஓய்வு எடுத்துக்கொள்ளும் கணக்கில்தான் செய்யப்பட்டவை.

கம்ப்ரசர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கன் 'டப்' என்றுதான் அடிக்கும். அந்த அடி கம்ப்ரசரைவிடப் பல மடங்கு சத்தம். நாள் முழுக்க அடிக்கிறவர் காதில் பஞ்சு இல்லை, சரியான இயர்பிளக் வையுங்கள். கண்ணாடியும் போடுங்கள். ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றிவிட்டு அப்புறம் கன்னைத் திறங்கள். கம்ப்ரசர் ஆயில் ஃப்ரீ என்றாலும் கன்னுக்கு எண்ணெய் வேண்டும், காலையில் காற்று நுழையும் வாயில் இரண்டு சொட்டு விட்டால் போதும்.

சாயங்காலம் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரியில், புழுக்கமான நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் இருபது கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அதை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கினால் அவ்வளவு ஆவியைக் காற்றால் பிடித்து வைக்க முடியாது, தண்ணீராக டாங்க் அடியில் இறங்கும். நாளைக்கு முப்பது தடவை மெஷின் கிளம்பி நின்றால் இரண்டு மேசைக்கரண்டி அளவு சேரலாம். வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும்போதே டிரெயின் வால்வை மெதுவாகத் திறங்கள். அடியில் பழைய டம்ளர் ஒன்றைப் பிடியுங்கள், வாடிக்கையாளர் வீட்டுத் தரை நனையக் கூடாது. வாரம் ஒரு தடவை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து, அது காற்றை விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரில் மரத்தூள் அடைத்திருந்தால் தட்டி எடுங்கள். அடைத்த ஃபில்டரோடு ஓடும் மெஷின் டாங்கை நிரப்ப அதிக நேரம் எடுக்கும்.

டம்ளரில் விழும் தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி. பழுப்பாக வர ஆரம்பித்தால் இரும்பு டாங்க் உள்ளே அரிக்கிறது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து காற்று சீறினால், வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டு வைக்காதீர்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு டாங்கை மட்டும் மாற்றுங்கள்.